நிலமும் பொழுதும்: கோலசிலாங்கூரின் மாறிவரும் உயிர்வாழ்வு

பழந்தமிழ் இலக்கணம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில், அந்தப் பொழுதில் தோன்றும் மரமும் பூவும், விலங்கும் பறவையும், உணவும் தொழிலும் கருப்பொருள். அவற்றினிடையே வாழும் மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள். முதல் மாறினால் கரு மாறும். கரு மாறினால் மக்கள் வாழ்வும் மாறாமல் இராது. வகுப்பறையில் மாணவர் மனப்பாடம் செய்யும் இப்பகுப்பு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. இதற்குச் சான்று வேண்டுவோர், சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்கிலுள்ள கோலசிலாங்கூர் வட்டாரத்தின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தாலே போதும்.

பொழுது மாறிவருகிறது என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அரசுகளின் குழு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டில் உலகின் வெப்பநிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட ஏறத்தாழ 1.1 செல்சியஸ் பாகை மிகுந்திருந்தது. 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. பொழுதின் மாற்றம் இது. கோலசிலாங்கூரிலோ, பொழுது மாறுவதற்கு முன்பே நிலம் மாற்றப்பட்டுவிட்டது. காடு தோட்டமாயிற்று, சதுப்பு வயலாயிற்று, கடலுக்கும் கரைக்கும் இடையே மண் அணை எழுந்தது. வெப்பமும் வறட்சியும் உப்புநீரும் வரும்போது உயிரினங்கள் ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தை முந்தைய நூற்றாண்டே எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த இரண்டு மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வட்டாரத்து மரம் மாவினங்களின் இன்றைய நிலை விளங்கும்.

கோட்டையும் ஆறும்

கோலசிலாங்கூர் என்பது சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரம். சிலாங்கூர் அரசின் பழைய தலைநகர் இங்கேதான் இருந்தது. முகத்துவாரத்தைக் காவல் புரிவதுபோல் நிற்கும் புக்கிட் மெலாவாத்திக் குன்றின் கோட்டையை 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே சுல்தான் இபுராகீம் அதனை மீட்டார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1907ஆம் ஆண்டில், அக்குன்றின்மீது கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது. அரசர்களையும் பீரங்கிகளையும் பற்றிய இச்செய்திகளைப் பள்ளி நூல்கள் கூறும். குன்றின் உச்சியிலிருந்து அந்நாளில் கண்ணுக்குத் தெரிந்த நிலக்காட்சியைப் பற்றி அவை கூறுவது குறைவு.

மேற்கே கடலோரத்தில், அலைவாய்ச் சேற்றில், மலாய்க்காரர் பாக்காவ் என்றழைக்கும் கண்டற்காடு நீண்டு கிடந்தது. ஆற்றங்கரையில் உப்புநீரும் நன்னீரும் கலக்குமிடத்தில் நீப்பாவும் பெரம்பாங் மரமும் அடர்ந்திருந்தன. அதற்கப்பால், வடக்கிலும் கிழக்கிலும், காலை வைத்தால் புதையும் கரிமண் சதுப்புக் காடு பரந்து கிடந்தது. மேட்டு நிலத்தில் பெருமரக் காடு இருந்தது. மக்கள் ஆற்றை ஒட்டியே வாழ்ந்தனர். உள்நாடு பெரும்பாலும் விலங்கினங்களுக்கே உரியதாயிருந்தது. நெய்தலும் மருதமும் முல்லையும் ஒரே கண்பார்வைக்குள் அடங்கிய நாடு என்று அதனைச் சொல்லலாம்.

தோட்டங்கள் வந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி பயிரிட்டனர். பிரேசில் நாட்டின் விளைச்சல் பெருகி விலை வீழ்ந்தபோது காப்பித் தோட்டங்கள் நொடித்தன. அவ்விடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்களை, 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனர் வாணிக நோக்கில் முதன்முதலாகப் பயிரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலாயாவின் மேற்குக் கரை முழுவதும் கித்தா மரமாயிற்று. ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன. தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் கப்பலேறி வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் ஒழிந்தபின் கங்காணிமார் வழியாக ஆட்கள் வந்தார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வரவு தொடர்ந்தது.

கடலோரத் தாழ்நிலத்தில் மரம் நடுவதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை நீரை வெளியேற்றுவது. நிரைக்கு நிரை சிறு வாய்க்கால், அவை சேரும் பெரிய கால்வாய், கால்வாய் கடலைச் சேருமிடத்தில் மதகு, கடலைத் தடுக்க மண் அணை என்பது அதன் அமைப்பு. கடல் வற்றும்போது மதகைத் திறந்து நீரை விடுவார்கள்; பெருகும்போது மூடுவார்கள். சீனரும் சாவகரும் தமிழரும் மண்வெட்டியும் கூடையும் கொண்டு வெட்டிய அவ்வாய்க்கால்கள் இன்றும் தோட்டங்களுக்குள் ஓடுகின்றன. கோலசிலாங்கூரின் நிலத்தை மாற்றியவை முதற்கண் இந்த வாய்க்கால்களே.

நிலம் மாறியவுடன் கருப்பொருளும் மாறியது. அதன் விலையை முதலிற் கொடுத்தவர் தொழிலாளரே. 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலைக்காய்ச்சலைப் பரப்பும் கொசுக்கள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல என்பதைக் கண்டார். தாழ்நிலத்தில் காட்டு நிழலிலுள்ள தேங்குநீரை விரும்பும் கொசு, காட்டை வெட்டி வாய்க்கால் போட்டதும் குறைந்தது. குன்றுப் பகுதியிலோ, வெயில்படும் ஓடைநீரை விரும்பும் வேறோர் இனம், காட்டை வெட்டியபின் பெருகியது. ஒரே வேலை ஓரிடத்தில் உயிர் காத்தது. மற்றோரிடத்தில் உயிர் குடித்தது. 1911ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த அவருடைய ஆராய்ச்சி மருத்துவ உலகில் புகழ்பெற்றது. நீரையும் நிழலையும் தொட்டால் அவற்றை நம்பிய உயிர்களையும் தொட்டதாகும் என்ற பாடத்தைச் சிலாங்கூர்த் தோட்டங்கள் நூறாண்டுக்கு முன்பே கற்பித்துவிட்டன.

தென்னமரத்தில் செம்பனை

இவ்வட்டார வரலாற்றில் மற்றொரு திருப்பம் 1917ஆம் ஆண்டில் நேர்ந்தது. ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரத் துரை, பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த ஒரு தோட்டத்தில், மலாயாவிலேயே முதன்முறையாகச் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்த் தொழிலாளர் நாவில் வழங்கிய சொல் ஆங்கில எழுத்துகளில் ஏறி, இன்றுவரை அத்தோட்டத்தின் பெயராக நிற்கிறது. ஃபோகோனியே பின்னாளில் மலாயாவைக் களமாக வைத்து எழுதிய புதினம் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. உலகம் அவரை எழுத்தாளராக நினைக்கலாம். சிலாங்கூரின் மண் அவரைச் செம்பனையால் நினைவிற் கொண்டுள்ளது. பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அம்மரமோ மாவட்டம் முழுவதையும் மூடி நிற்கிறது.

செம்பனை பரவிய வேகம் நாடு விடுதலை பெற்ற பின்னரே மிகுந்தது. ரப்பர் விலை தளர்ந்த 1960ஆம் ஆண்டுகள் முதல் தோட்டம் தோட்டமாகக் கித்தா மரங்கள் சாய்க்கப்பட்டன. தொடக்கத்தில் இம்மரத்தின் பூக்களில் மகரந்தத்தைத் தொழிலாளர் கையாலேயே தூவவேண்டியிருந்தது. 1981ஆம் ஆண்டில் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து விட்டபின் அவ்வேலை நின்றது. பழம் தின்ன எலிகள் பெருகின. எலிகளைத் தின்னக் கூகைகள் வந்தன. கூகை அலறினால் தீக்குறி என்று அஞ்சிய தமிழர் வாழ்ந்த தோட்டங்களிலேயே, நிர்வாகத்தார் கம்பங்கள் நட்டுக் கூகைக்குப் பெட்டி வீடு அமைத்துக் கொடுத்தனர்.

தோட்டம் எல்லா உயிர்களையும் துரத்திவிடவில்லை என்பது இதனால் தெரியும். எதையும் தின்று எங்கும் வாழவல்ல எலி, உடும்பு, காட்டுப்பன்றி, நீள்வால் குரங்கு முதலியவை தோட்டத்தோடு இணங்கிக்கொண்டன. ஒரே வகை நீரையும் ஒரே வகை மரத்தையும் நம்பி வாழும் உயிர்களோ எஞ்சிய ஓரங்களில் ஒதுங்கின. ஆற்றங்கரை ஒன்று, கரிமண் சதுப்பு ஒன்று, கடலோரக் கண்டற்காடு ஒன்று. இந்த மூன்று ஓரங்களின்மீதுதான் இன்று மாறிய பொழுதின் சுமை விழுகிறது. செம்பனையே வறட்சிக்கு விலக்கானதன்று. நீண்ட வறட்சியில் அதன் பெண் பூங்கொத்துகள் குறைந்து ஆண் பூங்கொத்துகள் மிகும். ஓரிரண்டு ஆண்டு கழித்துக் குலைகள் குறையும்போதுதான் அதன் விளைவு கணக்கில் தெரியும். ஆனால் செம்பனைக்கு உரமும் நிர்வாகமும் காவல். ஓரங்களில் வாழும் உயிர்களுக்கு அத்தகைய காவல் இல்லை.

மின்மினிகளின் ஆறு

கோலசிலாங்கூர் நகரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, கம்போங் குவாந்தான் என்னுமிடத்தில், சிலாங்கூர் ஆற்றின் இருகரைகளிலும் இரவுதோறும் மின்மினிகள் கூடுகின்றன. ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் அமர்ந்து, ஒன்றோடொன்று இயைந்து, ஒரே சமயத்தில் ஒளிர்ந்து ஒரே சமயத்தில் அணைகின்றன. டெரோப்டிக்ஸ் டெனர் என்பது இவ்வினத்தின் அறிவியற் பெயர். உலகில் இத்தகைய காட்சி அரிது. 1690ஆம் ஆண்டில் சயாம் நாட்டுக்குச் சென்ற எங்கெல்பெர்ட் கெம்ஃபர் என்னும் செர்மானிய மருத்துவர், மெனாம் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒருங்கே ஒளிர்ந்ததைக் கண்டு வியந்து எழுதினார். 1935ஆம் ஆண்டிலும் ஓர் அமெரிக்க அறிஞர் சயாமில் கண்ட அக்காட்சியைப் பற்றி எழுதியுள்ளார். பாங்காக் நகரம் பெருகியபின் அவ்வாற்றங்கரை ஒளி பெரிதும் மறைந்துபோயிற்று.

சிலாங்கூர் ஆற்று மின்மினிகள் பெரிதும் கூடும் மரம் பெரம்பாங். சேற்றிலிருந்து மேல்நோக்கி மூச்சுவேர்களை விடும் இம்மரம், கண்டற்காட்டு மரங்களுள் உப்பு குறைந்த நீரை விரும்புவது. ஆகவே கடலோரத்தில் தழைக்காமல், ஆற்றில் உப்பும் நன்னீரும் கலக்கும் பகுதியில் தழைக்கிறது. மரம் மட்டும் இருந்தால் மின்மினிக்குப் போதாது. அது முட்டையிடுவது மரத்தின் பின்னாலுள்ள ஈரமண்ணில். அதன் புழு இலைச்சருகினிடையே சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகிறது. சிறகு முளைத்த பின்னரே ஆற்றங்கரை மரத்துக்கு வருகிறது. காண்போர் கண்ணுக்கு ஆற்றோரத்து ஒரு வரிசை மரம் தெரியும். மின்மினியின் வாழ்வுக்கு அவ்வரிசையும், அதன் பின்னாலுள்ள நீப்பாவும் புதரும் ஈரமும் ஒருங்கே வேண்டும். தோட்டமோ இறால் குளமோ கரைவரை நெருங்கிவந்தால், மரம் நின்றும் மின்மினி இராது.

பெரம்பாங் மரத்தின் பூ இரவில் மலர்வது. அதன் தேனை உண்டு மகரந்தத்தைப் பரப்புவன வௌவால்கள். தைப்பூசத்தால் தமிழர் அனைவரும் அறிந்த பத்துமலையின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் தேனுண்ணி வௌவாலினம், இரவில் நெடுந்தொலைவு பறந்து கடலோரச் சதுப்புக் காட்டுப் பூக்களை நாடுவதை 1970ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். டுரியான் மரத்தின் பூவுக்கும் அதே வௌவால்தான் துணை. டுரியான் மலரும் காலம் சிலகாலமே. மற்ற நாள்களில் வௌவாலுக்குச் சோறிடும் மரங்களுள் பெரம்பாங்கும் அதன் இனமரங்களும் சேரும். மலைக் குகையும், கம்பத்து டுரியானும், ஆற்றங்கரை மின்மினியும் ஒரே நூலிற் கோத்த மணிகள்போல் நிற்கின்றன.

இனிப் பொழுதின் மாற்றம் இவ்வாற்றில் எவ்வாறு வேலை செய்கிறது என்று காணலாம். கடல்மட்டம் உயர உயர, ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றில் மேலும் உள்ளே ஏறும். வறட்சிக் காலத்தில் மேலிருந்து வரும் நன்னீர் குறைவதால் அவ்வேற்றம் இன்னும் மிகும். இவற்றோடு மூன்றாவது காரணமும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைத் தருவது சிலாங்கூர் ஆறு. கோலகுபுபாருவுக்கு அருகே இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அணை கட்டப்பட்டபோது, அதனால் தெமுவான் பழங்குடியினர்க்கும் மின்மினிகளுக்கும் நேரும் கேடு பற்றி நாட்டில் பெரிய விவாதம் நடந்தது. அணையிலிருந்து போதிய நீர் கீழே விடப்படும்வரை ஆற்றின் உப்புநிலை தாங்கும். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்ததுபோன்ற வறட்சியில், சிலாங்கூர் மக்களுக்கே குடிநீர் பங்கிட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. அத்தகைய காலத்தில் மனிதருக்கும் ஆற்றுக்கும் ஒரே நீர் போதவேண்டும்.

உப்பு மேலேறினால் பெரம்பாங் மரமும் மேலேறவேண்டும். இயற்கை அதற்கு வழி வகுத்துள்ளது. விதை நீரில் மிதந்து சென்று உகந்த கரையில் முளைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடல் உயர்ந்தும் தாழ்ந்தும் வந்தபோதெல்லாம் இம்மரங்கள் இவ்வாறே இடம்பெயர்ந்து உயிர் பிழைத்தன. இன்று மேற்கரையில் முளைக்க இடமில்லாதபடி பல இடங்களில் செம்பனையும் மண் அணையும் நீர்விளிம்புவரை வந்துள்ளன. மின்மினிக்கு உண்மையான இடர் இதுவே. வெப்பம் ஒருபுறமிருக்க, அது செல்லவேண்டிய வழி அடைபட்டுக் கிடக்கிறது.

இவ்விடரை அறிந்தோர் வாளாவிருக்கவில்லை. கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் 2006ஆம் ஆண்டு முதல் கம்போங் குவாந்தான் மின்மினிகளின் பெருக்கத்தைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. 2009ஆம் ஆண்டில் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்தின் சட்டப்படி ஆற்றங்கரையின் ஒரு பகுதி மின்மினிப் பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் சிலாங்கூரில் கூடிய உலக மின்மினி ஆராய்ச்சியாளர் மாநாடு, மின்மினிகளைக் காக்கும்படி நாடுகளை வேண்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. அது சிலாங்கூர் அறிக்கை என்றே வழங்குகிறது. இவ்வினம் அழியும் இடருக்கு உட்பட்டது என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் பின்னர்ப் பதிவு செய்தது.

எரியும் சதுப்பு

ஆற்றுக்கு வடக்கே, ராஜா மூசா, சுங்கை காராங் முதலிய காடுகளைக் கொண்ட வட சிலாங்கூர்க் கரிமண் சதுப்பு ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் பரப்புடையது. நீரில் ஊறிய நிலத்தில் விழுந்த இலையும் மரமும் மக்காமல், பல்லாயிரம் ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததே கரிமண். நீர் இருக்கும்வரை அது பஞ்சுபோல் மழையைத் தாங்கி மெல்ல மெல்ல வெளியே விடும். 1930ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பெற்ற தஞ்சோங் காராங் நெல்வயல்கள் இன்றும் பாய்ச்சல் நீருக்கு இக்காட்டை நம்பியுள்ளன. நீரை வடித்துவிட்டால் கரிமண் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகும். காய்ந்தபின் தீப்பற்றினால் மண்ணுக்கடியிலேயே பல நாள் புகைந்துகொண்டிருக்கும். இக்காட்டில் மரம் வெட்டியோர், கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுசெல்லக் கால்வாய்கள் வெட்டினர். மரவேலை ஓய்ந்தபின்னும் கால்வாய்கள் நீரை வடித்துக்கொண்டேயிருந்தன.

இந்நிலத்தில் வறட்சி வரும்போது நேர்வது என்ன என்பதை இவ்வட்டார மக்கள் அனுபவத்தில் அறிவர். பசிபிக் பெருங்கடலின் நீர் வெம்மையுறும் எல் நினோ ஆண்டுகளில் மழை பொய்க்கும். 1997–98, 2015–16 ஆகிய ஆண்டுகளில் தென்கிழக்கு ஆசியாவைப் புகைமூட்டம் மூடியது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் நாள், காற்று மாசின் குறியீடு 500ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அரசு அவசரநிலையை அறிவித்தது. புகையின் பெரும்பகுதி சுமத்திராவிலிருந்து வந்தது. ஆயினும் சிலாங்கூரின் சொந்தச் சதுப்பும் பலமுறை எரிந்துள்ளது. எரிந்த காட்டோடு அழிவன மரங்கள் மட்டுமல்ல. தேயிலைச் சாறுபோல் கறுத்த, புளிப்பு மிகுந்த சதுப்பு நீரில் மட்டுமே வாழும் மீன்கள் உண்டு. பெத்தா லிவிடா என்னும் சிறு சண்டைமீன் இந்த வட சிலாங்கூர்ச் சதுப்பை உறைவிடமாகக் கொண்டது. இந்நீர் வற்றினால் அது குடியேறுவதற்கு வேறு நீர் இல்லை.

ராஜா மூசாவில் 2008ஆம் ஆண்டு முதல் மாநில வனத்துறையும், உலகச் சுற்றுச்சூழல் மையம் என்னும் அமைப்பும், அண்டை ஊர் மக்களும் சேர்ந்து கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்புகள் கட்டி, நீரை மீண்டும் தேக்கி, மரம் நட்டு வருகின்றனர். நீரை வெளியேற்றுவதே முன்னேற்றம் என்று எண்ணிய நூறாண்டுக்குப் பிறகு, நீரை நிறுத்துவதே காவல் என்ற முடிவுக்கு வட்டாரம் வந்துள்ளது.

கடலும் மண் அணையும்

மூன்றாவது ஓரம் கடற்கரை. புக்கிட் மெலாவாத்தியின் அடிவாரத்தில் 1987ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவை மலேசிய இயற்கைச் சங்கம் நிர்வகித்து வந்துள்ளது. மண் அணைக்கு வெளியே அலை வந்துபோகும் கண்டற்காடு. உள்ளே அலை தொடாததால் தன்மை மாறிய காடு. குளிர்நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் வரும் கரைப்பறவைகள் சேற்றுவெளியில் இரை தேடுகின்றன. அருகிவந்த பால்நிற நாரையை வளர்த்து மீண்டும் இயற்கையில் விடும் முயற்சியும் இங்கே நடந்தது. குன்றின்மீது வருவோரிடம் கைநீட்டிக் காய்கறி வாங்கித் தின்னும் வெள்ளிநிற இலைக்குரங்கு, குட்டியாயிருக்கும்போது செம்பொன் நிறமுடையது. 2008ஆம் ஆண்டில் இதனைத் தனிவகையாகக் கொண்ட அறிஞர்கள் அதன் அறிவியற் பெயரிலேயே சிலாங்கூரின் பெயரை வைத்தனர்.

கண்டற்காடு உயரும் கடலுக்கு ஈடுகொடுக்க வல்லது. வேர்களிடையே வண்டல் படிந்து தரை உயரும். அது போதாதபோது காடே கரைப்பக்கம் நகரும். ஆனால் பின்னால் மண் அணை நிற்கும்போது நகர இடமில்லை. முன்னே கடல், பின்னே அணை. இடையிலுள்ள காடு ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கும். அதனோடு கரைப்பறவையின் சேறும், குரங்கின் தளிரும், மீன்குஞ்சுகளின் தொட்டிலும் ஒடுங்கும். கடைசியில் அலையின் முழுவேகமும் அணைமீதே மோதும். தோட்டத்தையும் ஊரையும் காக்கக் கட்டிய அணைக்கு முன்னாற் காவலாக நின்றது காடே என்பது அப்பொழுது தெரியும்.

பிச்சாவரம் காட்டும் பாடம்

தமிழகத்தில் இதற்கு ஒப்பான கதையொன்று உண்டு. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், மேலேயுள்ள அணைகளால் நன்னீர் வரவு குறைந்து உப்பு மிகுந்தது. முன்பு காடு வெட்டப்பட்ட இடங்கள் பள்ளமாகி, தேங்கிய உப்புநீரில் எதுவும் முளைக்காமல் கிடந்தன. கண்டல் என்னும் மலையாள நாட்டு வழக்குச் சொல்லைத் தன் அறிவியற் பெயரில் ஏற்றுக்கொண்ட மரவினம் அங்கே இல்லாதொழிந்ததைத் தாவரவியலார் பதிந்துள்ளனர். 1990ஆம் ஆண்டுகளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, அலைநீர் வந்துபோகும்படி செய்தபின் காடு மீண்டும் தழைத்தது.

பிச்சாவரத்தில் வாய்க்கால் வெட்டியதால் காடு பிழைத்தது; ராஜா மூசாவில் வாய்க்காலை அடைத்ததால் பிழைக்கிறது. செயல்கள் எதிரெதிராயினும் உண்மை ஒன்றே. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய நீர் உண்டு. அந்நீரை மீட்டுக் கொடுத்தால், மாறிவரும் பொழுதையும் ஓரளவு தாங்கும் வலிமை நிலத்துக்கு வந்துசேரும். கோலசிலாங்கூர் மக்கள் உலக வெப்பத்தைத் தாமே தணித்துவிட இயலாது. ஆற்றங்கரையிலிருந்து செம்பனையைச் சிறிது பின்வாங்கச் செய்தல், உப்பு மேலேறும் காலத்துக்கென மேற்கரைகளை இப்பொழுதே ஒதுக்கிவைத்தல், வறட்சியிலும் அணைநீரில் ஆற்றுக்கு உரிய பங்கை விடுதல், சதுப்பின் கால்வாய்களை அடைத்தல் ஆகியவை அவர்கள் கைக்கும் மாநில அரசின் கைக்கும் எட்டிய செயல்கள்.

தமிழாசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். ஆகையால் பழைய தோட்டங்கள் மழைமானி வைத்து நாள்தோறும் மழையளவைக் குறித்துவைத்தன. தோட்டம் கைமாறும்போதும் வீடமைப்புக்கு நிலம் விற்கப்படும்போதும் அந்த ஏடுகள் குப்பையிற் சேராமல் காக்கப்பட வேண்டும். கித்தா எந்த மாதத்தில் இலையுதிர்த்தது, எந்த ஆண்டில் வெள்ளம் லயத்துக்குள் வந்தது, எந்த வாய்க்காலில் எந்த மீன் கிடைத்தது என்பதை முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். மாவட்டத்தின் தமிழ்ப்பள்ளி மாணவர் அவற்றைக் கேட்டெழுதி, பள்ளி வளாகத்து மரம் பூக்கும் நாளையும் பெய்யும் மழையையும் ஆண்டுதோறும் குறித்துவந்தால், அது திணைப் பாடத்துக்கு உயிருள்ள உரையாகும். ஆராய்ச்சியாளர்க்கும் பயன்படும் ஆவணமாகும்.

தோட்டத் தமிழரிற் பலர் இன்று நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். அவர்கள் முன்னோர் கைப்பட்ட வாய்க்கால்களும் அணைகளும் இந்நிலத்தில் இருக்கின்றன; அவற்றுக்கு அப்பால் ஒதுங்கிய உயிர்களும் இன்னும் இருக்கின்றன. கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்கள் இன்றும் இரவில் ஒளிர்கின்றன. பாங்காக் ஆற்றங்கரை இழந்ததைச் சிலாங்கூர் ஆறும் இழப்பதா, காப்பதா என்பது, அம்மரங்கள் மேலேறிச் செல்லும்போது அவற்றுக்குக் கரையில் இடம் விடப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்ததாகும்.